ப்ளூ டிக்கை அணைத்து எட்டு மாதம் ஆகிறது

போன மாதம் ஒரு தோழி கேட்டாள்: "உனக்கு வாட்ஸ்அப்ல எது அனுப்பினாலும் டிக் நீலமே ஆக மாட்டேங்குது, என்னை பிளாக் பண்ணிட்டியா?" இல்லை, பிளாக் செய்திருந்தால் இரண்டாவது டிக்கே விழாது, படித்ததைக் காட்டும் குறியை செட்டிங்ஸில் அணைத்து வைத்திருக்கிறேன், அவ்வளவுதான் என்றேன். "அப்படி என்ன மறைக்கிற?" என்றாள். கோபமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அப்போது எனக்குச் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. அதற்குப் பிறகு நிறைய யோசித்துவிட்டேன், அதனால் இங்கே எழுதிவிடுகிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் நடந்தது இது. நெருங்கிய நண்பன் ஒருவன் ஒரு செயலியில் எனக்கு நீளமாக ஒரு செய்தி அனுப்பியிருந்தான். அவன் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, டாக்டர்கள் என்ன சொன்னார்கள், வீட்டில் யார் யார் என்ன பேசுகிறார்கள், தனக்கு எவ்வளவு பயமாக இருக்கிறது என்று எல்லாமே அதில் இருந்தது. நான் அதை வேலைக்கு நடுவில் திறந்தேன். பாதி படிக்கும்போதே இதற்கு ஒரு வரியில் பதில் போடக் கூடாது, ராத்திரி நிதானமாக உட்கார்ந்து எழுத வேண்டும் என்று நினைத்தேன். ராத்திரி அசதியில் தூங்கிவிட்டேன். மறுநாள், ஒரு நாள் தாமதமாகிவிட்டதே, இனி அதற்கு ஏற்ற மாதிரி இன்னும் நல்லபடியாக எழுத வேண்டுமே என்று தோன்றியது. நாள் கூடக் கூட எழுத வேண்டிய பதிலும் கனத்துக்கொண்டே போனது. நான்காவது நாள்தான் எழுதினேன். "பரவால்ல" என்று ஒரே ஒரு வார்த்தை திரும்பி வந்தது. அதற்கப்புறம் ஆறு மாதம் அவனிடமிருந்து ஒன்றுமே இல்லை.

பிறகு நேரில் பார்த்தபோது மனம் விட்டுப் பேசினோம். அவன் சொன்னது இன்னும் அப்படியே நினைவில் இருக்கிறது. "காலைல பதினொன்னே முக்காலுக்கு நீ படிச்சுட்ட. அன்னைக்கு ராத்திரி ஒன்பது மணிக்கு நீ ஆன்லைன்ல இருந்த. மறுநாள் காலைலயும் இருந்த." ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்துகொண்டு, என் பெயருக்குக் கீழே தெரிந்த நேரத்தைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்திருக்கிறான். பதில் போடாதது என் தப்பு, அதில் மறுபேச்சே இல்லை. ஆனால் அவனுடைய அந்த நான்கு நாளில் இந்தக் குறிகளும் ஒரு வேலை செய்திருக்கின்றன. அவை இல்லாமல் இருந்திருந்தால் 'இன்னும் பார்க்கவில்லை போல' என்று நினைக்க அவனுக்கு ஓர் இடம் இருந்திருக்கும். அந்த இடம் அவனுக்குக் கிடைக்கவில்லை. 'பார்த்துவிட்டான், வேண்டுமென்றே பேசாமல் இருக்கிறான்' என்ற ஒரே கதைதான் மிஞ்சியது.

சரி, அந்தக் குறி உண்மையில் எதைத்தான் சொல்கிறது? வாட்ஸ்அப்பில் ஒரு சாம்பல் டிக் என்றால் செய்தி நம் போனைவிட்டுக் கிளம்பிவிட்டது, இரண்டு சாம்பல் டிக் என்றால் எதிராளியின் போனுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது, இரண்டும் நீலமானால் படித்தாயிற்று. டெலிகிராமில் கணக்கு வேறு. அங்கே இரண்டு டிக் விழுந்தாலே படித்ததாக அர்த்தம். ஒரே போனில் இரண்டு செயலியும் வைத்திருப்பவர்கள் ஒரே குறியை இரண்டு விதமாகப் படிக்கப் பழகிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அது போகட்டும். 'படித்தார்' என்பதற்கு டெலிகிராம் தன் விளக்கப் பக்கத்தில் சொல்லும் பொருளைப் பாருங்கள்: உங்கள் நண்பர் செயலியைத் திறந்து அந்த உரையாடலையும் திறந்தார். அவ்வளவுதான். ஒரு மென்பொருளால் அதற்கு மேல் தெரிந்துகொள்ளவும் முடியாது. திரையில் அந்த வரி வந்தது என்பது அதற்குத் தெரியும். அந்த நேரத்தில் கண் எங்கே இருந்தது, மனசு எங்கே இருந்தது, கையில் இருந்தது குழந்தையா சாவியா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது.

இதைச் சும்மா சொல்லவில்லை. கம்ப்யூட்டரில் வாட்ஸ்அப்பைத் திறந்து போட்டுவிட்டு எழுந்து போய்விட்டால், திரையில் யாருடைய உரையாடல் திறந்திருக்கிறதோ அதில் வருவதெல்லாம் நாம் இல்லாமலே படித்ததாகிவிட வாய்ப்பிருக்கிறது. பாக்கெட்டிலிருந்து போனை எடுக்கும்போது விரல் பட்டுத் திறந்துகொள்வதும் உண்டு. இதற்கு நேர்மாறாக, மேலே வந்து விழும் நோட்டிஃபிகேஷனிலேயே முழுச் செய்தியையும் படித்துவிடலாம், அப்போது நீலம் ஆகாது. அதாவது நீலமானவர் படிக்காமலும் இருக்கலாம், ஆகாதவர் ஒரு எழுத்து விடாமல் படித்தும் இருக்கலாம். இப்படிப்பட்ட ஒன்றை ஆதாரமாகப் பிடித்துக்கொண்டுதான் எத்தனையோ பேர் ஒருவருக்கொருவர் முகம் திருப்பிக்கொள்கிறோம்.

இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் தேடிப் படித்தேன். 1992 டிசம்பர் 3 அன்று முதல் எஸ்.எம்.எஸ் போனது. அதன் காலத்தில் பழைய பட்டன் போன்களில் டெலிவரி ரிப்போர்ட் என்று ஒன்று இருந்தது, நினைவிருக்கும். அது போனுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்பதோடு நின்றுகொண்டது. படித்தாரா என்று கேட்கவே கேட்காது. மின்னஞ்சலில் படித்ததற்கான ஒப்புகை கேட்கும் முறையை 1998-இல் வகுத்தார்கள். அதில் ஒரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடித்தது: பெறுபவரின் சம்மதம் வாங்கிய பிறகு அந்த ஒப்புகையை அனுப்புவதே நல்லது என்று அந்த விதிமுறையிலேயே அழுத்தமாகப் பரிந்துரைத்திருந்தார்கள். அதனால்தான் சில மின்னஞ்சல் மென்பொருள்களில் 'அனுப்பியவர் ஒப்புகை கேட்கிறார், அனுப்பலாமா?' என்று ஒரு சின்னப் பெட்டி வந்து கேட்கும். வேண்டாம் என்று சொல்லிவிட்டு நிம்மதியாகப் படிக்கலாம். 2005-இல் வந்த பிளாக்பெர்ரி மெசஞ்சரில் போய்ச் சேர்ந்ததற்கு 'டி', படித்ததற்கு 'ஆர்' என்று எழுத்துகள் விழும். 2011-இல் ஆப்பிள் தன் ஐமெசேஜைக் கொண்டு வந்தபோது படித்ததைக் காட்டும் வசதியையும் வைத்தது, ஆனால் வேண்டுமென்றால் நாமே இயக்கிக்கொள்ளும்படி விட்டது. வாட்ஸ்அப்பில் இரண்டு டிக்கும் நீலமாக ஆரம்பித்தது 2014 நவம்பரில். அது முதல் நாளிலிருந்தே எல்லாருக்கும் இயங்கியது, அணைக்கும் வசதி பிறகுதான் வந்தது.

மின்னஞ்சல் 'சொல்லட்டுமா?' என்று கேட்டது. இப்போது இருப்பது கேட்காமல் சொல்லிவிடுகிறது.

இதில் என்னை அதிகம் யோசிக்க வைத்த விஷயம் இன்னொன்று. வாட்ஸ்அப் 2009-இல் ஆரம்பித்தபோது அது செய்தி அனுப்பும் செயலியே இல்லை. போனில் இருக்கும் பெயர்ப் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் அவர் இப்போது என்ன நிலையில் இருக்கிறார் என்று காட்டுவதுதான் அதை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜான் கோமின் முதல் யோசனை. வேலையில் இருக்கிறேன், பேச முடியாது, தூங்குகிறேன், பேட்டரி தீரப் போகிறது, அவசரம் என்றால் மட்டும் கூப்பிடுங்கள் என்று வரிகள் தயாராக இருக்கும். என்னைப் பற்றி மற்றவர்களுக்கு என்ன தெரிய வேண்டும் என்பதை அங்கே நான்தான் தேர்ந்தெடுத்துச் சொல்கிறேன். நீல டிக்கிலும் 'கடைசியாகப் பார்த்தது' நேரத்திலும் என் வாயைத் திறக்கவே விடாமல் கருவி சொல்லிவிடுகிறது. தோழி கேட்டாளே, என்ன மறைக்கிறாய் என்று. ஒன்றும் மறைக்கவில்லை. என் பேச்சை நானே பேசுகிறேன் என்கிறேன்.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் போனால் நேர்மையாக இருக்காது. என் அம்மா. நீல டிக்கோடு 'கடைசியாகப் பார்த்தது' நேரத்தையும் நான் அணைத்த இரண்டாம் நாளே போன் செய்தார். "நீ எந்திரிச்சியா இல்லையான்னு காலைல அதைப் பாத்துதான் தெரிஞ்சுக்குவேன், இப்ப ஒண்ணும் தெரியலையே?" என்றார். அம்மாவுக்கு அது கண்காணிப்பு இல்லை. தூரத்தில் இருக்கும் பிள்ளை வீட்டில் விளக்கு எரிகிறதா என்று எட்டிப் பார்க்கிற மாதிரி. அதில் பதில் எதிர்பார்ப்பே கிடையாது, ஆறு மணிக்கு என் பெயரின் கீழே ஒரு நேரம் தெரிந்தால் போதும், அன்றைக்கு அவருக்கு வேறு எதுவும் வேண்டாம். அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது: ஒரே குறி அம்மாவுக்கு ஆறுதலாகவும் என் நண்பனுக்குக் காயமாகவும் இருந்திருக்கிறது. குறியில் ஒரு வித்தியாசமும் இல்லை, யார் பார்க்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அதனால் யார் யாருக்குக் காட்டலாம் என்று ஆளுக்கு ஆள் பிரித்து வைக்க முடிந்தால் நன்றாக இருக்கும். கடைசியாகப் பார்த்த நேரத்துக்கு அந்த வசதி இருக்கிறது, குறிப்பிட்ட சிலரை மட்டும் விலக்கிவிடலாம். நீல டிக்குக்கு அது இல்லை, அணைத்தால் எல்லாருக்கும் அணைந்துவிடும். அணைப்பவருக்கும் மற்றவர்களுடையது தெரியாமல் போய்விடும். அந்த இரண்டாவது விதி எனக்கு முழுச் சம்மதம், கொடுக்காததை வாங்கவும் கூடாது. முதலாவதுதான் இடிக்கிறது. அம்மாவுக்கு இப்போது தினமும் காலையில் எழுந்ததும் நானே ஒரு வரி எழுதிவிடுகிறேன். எழுதவில்லை என்றால் ஏழு மணிக்குள் போன் வந்துவிடும். (பார்க்கப்போனால், நேரத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த நாட்களைவிட இப்போது நாங்கள் பேசுவது அதிகம்.)

ஒன்றைத் தெரிந்துகொண்டு அணையுங்கள்: அணைத்தாலும் முழுதாக அணையாது. குழுக்களில் யார் படித்தார்கள் என்பது தெரியத்தான் செய்யும், செய்தியை அழுத்திப் பிடித்துத் தகவலைப் பார்த்தால் பெயர் வாரியாக வந்து நிற்கும். குரல் பதிவைக் கேட்டீர்களா என்பதும் அனுப்பியவருக்குத் தெரியும், அதற்கு அணைப்பே இல்லை. 'படிக்காததாகக் குறி' என்று ஒன்று இருக்கிறதே, அது நமக்கு நாமே வைத்துக்கொள்ளும் அடையாளம், ஏற்கனவே நீலமானதை அது திருப்பி எடுக்காது. என் உறவுக்காரப் பையன் ஒருவன் ரொம்ப நாளாக அதை அழுத்திவிட்டுத் தப்பித்ததாக நினைத்துக்கொண்டிருந்தான்.

'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்ற வரியைப் பற்றியும் சொல்ல ஆசை. எல்லாருக்குமாக நீக்கும் வசதி 2017-இல் வந்தது. நல்ல வசதிதான், நானே பலமுறை பயன்படுத்தியிருக்கிறேன். ஆனால் நீக்கிய இடத்தில் அந்த வரி நின்றுகொண்டு என்ன எழுதியிருப்பாரோ என்று எதிராளியை யோசிக்க வைக்கிறதே, எழுத்துப் பிழைக்காக நீக்கினாலும் சண்டைக்காக நீக்கினாலும் ஒரே வரிதான். 2023-இல் பதினைந்து நிமிடத்துக்குள் திருத்தலாம் என்று வந்த பிறகு நான் நீக்குவதையே விட்டுவிட்டேன், திருத்திவிடுகிறேன். அதில் 'திருத்தியது' என்று ஒரு சின்னக் குறிதான் விழும், அது யாரையும் புண்படுத்தி நான் பார்த்ததில்லை.

அணைத்த முதல் இரண்டு வாரம் கஷ்டமாகத்தான் இருந்தது. யாருக்காவது அனுப்பிவிட்டுப் பழக்கத்தில் திறந்து திறந்து பார்ப்பேன், சாம்பலாகவே இருக்கும். வேலை விஷயமாக ஒருவருக்கு அனுப்பி, பார்த்தாரா இல்லையா என்று தெரியாமல் சாயங்காலம் வரை தவித்தேன். கடைசியில் போன் செய்து கேட்டேன், இரண்டு நிமிடத்தில் முடிந்தது. மூன்றாவது வாரத்தில் எப்போதோ பார்ப்பது நின்றுவிட்டது, எந்த நாள் என்று சொல்லத் தெரியவில்லை. அனுப்பியதை மறந்துவிட்டு வேறு வேலை பார்க்க முடிகிறது, பதில் வரும்போது நிஜமாகவே சந்தோஷமாக இருக்கிறது. யாராவது தாமதமாக எழுதினால் 'இத்தனை நேரம் என்ன செய்தார்' என்று என் மனசு கணக்குப் போடுவதில்லை, போடுவதற்கு அதன் கையில் ஒன்றுமில்லை. எனக்குக் கிடைத்த பெரிய லாபம் இதுதான். என்னைப் பிறர் பார்ப்பதை நிறுத்தத்தான் அணைத்தேன், நான் பிறரைப் பார்ப்பது நின்றதில்தான் அதிக நிம்மதி.

எந்தக் குறியும் செய்யாத வேலையை இரண்டு வார்த்தை செய்துவிடும் என்பதையும் இப்போது பழகிக்கொண்டு வருகிறேன். கனமான செய்தி ஏதாவது வந்தால் உடனே, அந்த நிமிடமே, "படிச்சேன், ராத்திரி எழுதறேன்" என்று போட்டுவிடுகிறேன். எழுதப் பத்து நொடி ஆகாது. அந்த நான்கு நாளில் என் நண்பனுக்குத் தேவைப்பட்டது இவ்வளவுதான் என்று நினைக்கும்போது இன்னும் மனசு கனக்கிறது.

அவனும் நானும் இப்போது பழையபடி பேசிக்கொள்கிறோம். அவன் அப்பா நடமாடுகிறார். அவன் இன்னும் நீல டிக்கை அணைக்கவில்லை, அவனுக்கு அது வேண்டுமாம், நானும் வற்புறுத்தவில்லை. ஆனால் நீளமாக எதையாவது அனுப்பும்போது முதல் வரியில் "அவசரமில்ல, பொறுமையா படி" என்று எழுதிவிட்டுத்தான் ஆரம்பிக்கிறான். நேற்றும் அப்படி ஒன்று வந்திருக்கிறது. இதைப் பதிவேற்றிவிட்டு அதற்குத்தான் பதில் எழுத உட்காரப் போகிறேன்.