பெரியப்பாவின் மாத்திரைக்குப் பங்காளிகள்

பெரியப்பாவுக்கு ஹார்ட் பம்பிங் குறைவு. எக்கோவில் (இதய ஸ்கேன்) முப்பது சதவீதம் என்று வந்த நாளிலிருந்து ஒரு பிளாஸ்டிக் டப்பா நிறைய மாத்திரைகளோடுதான் குடித்தனம். அதில் டிஜாக்ஸின் என்ற இதய மாத்திரை மட்டும் வாரத்தில் ஐந்து நாள், சனி ஞாயிறு கிடையாது. "இதுக்கு மட்டும் கவர்ன்மென்ட் உத்தியோகம்டா" என்பார்.

போன மழைக்காலத்தில் தொண்டை வலி என்று தெருமுனை மருந்துக்கடையில் கேட்டு கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டுக்கொண்டார். சீட்டும் இல்லை, வேறென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்ற கேள்வியும் இல்லை. நாலாம் நாள் சோற்றைப் பார்த்தாலே குமட்டல், நாடி ஐம்பதுக்குக் கீழே. தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டர் முதலில் கேட்டதே "ஆன்டிபயாடிக் ஏதாவது போட்டீங்களா?" என்றுதான். ரத்தத்தில் டிஜாக்ஸின் இருக்க வேண்டிய அளவைத் தாண்டியிருந்தது. பிழைத்துக்கொண்டார். ஆனால் அந்தக் கேள்வி என் மண்டையில் ஒட்டிக்கொண்டுவிட்டது. தொண்டைக்குப் போட்ட மாத்திரைக்கும் இதயத்துக்குப் போடும் மாத்திரைக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் இருப்பது குடலில். சிலருடைய குடலில் எகர்தெல்லா லெண்டா என்று ஒரு பாக்டீரியா இருக்கிறது. அது டிஜாக்ஸினை வேலைக்கு ஆகாத வேறொரு பொருளாக மாற்றிவிடும். நாம் ஒரு மாத்திரை போட்டால் அதில் ஒரு பங்கை அது எடுத்துக்கொள்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படிப்பட்டவர் ஆன்டிபயாடிக் சாப்பிட்டால் பங்காளி செத்துப்போகும், முழு மாத்திரையும் ரத்தத்துக்குப் போகும். 1981-இலேயே நியூயார்க்கில் லிண்டன்பாம் குழுவினர் இதைக் காட்டிவிட்டார்கள். எரித்ரோமைசினோ டெட்ராசைக்ளினோ ஐந்து நாள் கொடுத்ததில் சிலருக்கு டிஜாக்ஸின் அளவு இரண்டு மடங்கு வரை ஏறியது. (பெரியப்பா விஷயத்தில் பழி முழுவதையும் பாக்டீரியா மேல் போட முடியாது. டிஜாக்ஸினை உடம்பிலிருந்து வெளியே தள்ளும் ஒரு புரதத்தை கிளாரித்ரோமைசின் நேரடியாகவே தடுக்கும், இப்போது பெரும்பாலும் அதைத்தான் முக்கியக் காரணமாகச் சொல்கிறார்கள்.)

இதைத் தேடிப் போனபோது நம்ம ஊர் சமாச்சாரம் ஒன்று கிடைத்தது, அதுதான் இந்தப் பதிவை எழுதவே வைத்தது. 1989-இல் வேலூரின் மாத்தனும் நியூயார்க்கின் லிண்டன்பாமும் சேர்ந்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். டிஜாக்ஸினை இப்படி மாற்றும் ஆட்கள் நியூயார்க்கில் நூற்றுக்கு 36 பேர், தென்னிந்தியாவில் சுமார் 14 பேர்தான். நம்மவர்களுக்குள்ளேயும் கிராமத்தைவிட நகரத்தில் அதிகம். சரி, அந்த பாக்டீரியா நம்மிடம் குறைவு போல என்று நினைத்தால் அதுவும் இல்லை, வளர்த்துப் பார்த்தபோது இரண்டு ஊர்க்காரர்களிடமும் அது ஒரே அளவில் இருந்தது. ஆள் இருக்கிறான், வேலைதான் செய்யவில்லை! ஏன் என்பதில் ஒரு பகுதி 2013-இல்தான் துலங்கியது. எல்லா எகர்தெல்லாவிடமும் இந்த வேலைக்கான மரபணு இருப்பதில்லை, இருந்தாலும் அர்ஜினைன் என்ற அமினோ அமிலம் (புரதத்தில் இருப்பது) நிறையக் கிடைத்தால் அது டிஜாக்ஸினைச் சீண்டுவதில்லை. எலிகளுக்குப் புரதம் கூடுதலாகக் கொடுத்தபோது ரத்தத்தில் மருந்து அதிகம் நின்றது.

இது மாத்திரையின் கதை. நோய்க்கும் குடலுக்கும் நேரடியாகவே ஒரு கொடுக்கல் வாங்கல் இருக்கிறது.

பம்பிங் குறைந்தவர்களுக்குக் கால் வீங்குவது கண்ணுக்குத் தெரியும், அதே நீர் குடல் சுவரிலும் கோத்துக்கொள்வது தெரியாது. பெரியப்பா "வயிறு கல்லு மாதிரி இருக்கு, பசியே இல்லை" என்று சொன்னபோதெல்லாம் நாங்கள் வாயு என்று சொல்லி ஓமத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தோம். வீங்கிய குடல் சுவர் ஓட்டையாகும், பாக்டீரியாக்களின் மேலுறையில் இருக்கும் நச்சுப்பொருள் ரத்தத்தில் கசியும், அது உடம்பு முழுக்க அழற்சியைக் கிளப்பி ஏற்கெனவே நொந்த இதயத்தை மேலும் நோகடிக்கும் என்று 1997-இல் ஆங்கர் முதலானவர்கள் எழுதினார்கள். 1999-இல் இன்னொரு ஆய்வில் உடம்பில் நீர் கோத்திருந்த நோயாளிகளுக்கு இந்த நச்சு அதிகம் இருந்தது, நீர் மாத்திரை கொடுத்து வீக்கம் வடிந்ததும் குறைந்தது. 2007-இல் இதய நோயாளிகளின் குடல் சுவரையே அளந்து, தடித்திருக்கிறது, கசிவும் கூடியிருக்கிறது என்று காட்டினார்கள். வெறும் நீர் மாத்திரைதானே என்று நான் இளக்காரமாகப் பார்த்ததை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

அப்புறம் டிஎம்ஏஓ. முட்டை மஞ்சள் கரு, ஆட்டுக்கறி, மாட்டுக்கறியில் இருக்கும் கோலின், கார்னிடைன் போன்றவற்றைக் குடல் பாக்டீரியா ட்ரைமெத்திலமைன் ஆக்குகிறது (கெட்ட மீன் நாற்றம் அதுதான்), கல்லீரல் அதை டிஎம்ஏஓ ஆக்கி ரத்தத்தில் விடுகிறது. அமெரிக்காவின் கிளீவ்லாண்ட் கிளினிக்கில் ஹேசனும் டாங்கும் 2014-இல் 720 இதய நோயாளிகளை ஐந்து வருடம் பின்தொடர்ந்து வெளியிட்ட கணக்கில், இது மிக அதிகமாக இருந்த கால்வாசிப் பேருக்கு, மிகக் குறைவாக இருந்த கால்வாசிப் பேரைவிட மரண ஆபத்து சுமார் 3.4 மடங்கு. வயது, சிறுநீரகம் போன்றவற்றின் பங்கைக் கழித்துப் பார்த்ததும் அந்த வித்தியாசம் சுருங்கியது, மறையவில்லை. ஆனால் டிஎம்ஏஓவை வெளியேற்றுவது சிறுநீரகம், பம்பிங் குறைந்தால் அதுவும் மந்தமாகும், அதனால் இது நோயின் காரணமா இல்லை அடையாளமா என்ற சண்டை ஓயவில்லை. கடல் மீனில் இது நேராகவே இருக்கிறது, ஆனாலும் மீன் இதயத்துக்கு நல்லது என்றுதான் சொல்கிறார்கள். இந்த ஒன்றை மட்டும் வைத்து யாரும் வஞ்சிரத்தை விட்டுவிட வேண்டாம்.

வாட்ஸப்பில் மட்டும் முடிவு தெரிந்துவிட்டது. "குடலைச் சரி செய், இதயம் தானாகச் சரியாகும்" என்று ஒரு அத்தை அனுப்ப, இன்னொருவர் நல்ல பாக்டீரியா டப்பா ஒன்றை விலை ஒட்டியதோடு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். நார்வே ஆய்வாளர்கள் இதைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள். பம்பிங் குறைந்த 151 பேரில் ஒரு பகுதியினருக்குக் குடல் ஆன்டிபயாடிக்கான ரிஃபாக்ஸிமின், ஒரு பகுதியினருக்கு நல்ல வகை ஈஸ்ட், மீதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும், மூன்று மாதம். 2021-இல் முடிவு வந்தது: பம்பிங் கூடவில்லை. மூன்று மாதம் போதாது என்று வாதாடலாம், ஆனால் டப்பாவின் விலைக்கு அந்த வாதம் போதுமா? நான் டப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன், அத்தை இன்னும் பேசவில்லை.

இப்போது பெரியப்பா வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது: டாக்டரைக் கேட்காமல் ஆன்டிபயாடிக் கிடையாது, மருந்துக்கடையில் "டிஜாக்ஸின் சாப்பிடுகிறேன்" என்று சொல்லவும். போன வாரம் அதைப் படித்துக்கொண்டே கேட்டார், "அப்போ தயிர் சாதம் சாப்பிடலாமா, அதுல பாக்டீரியா இருக்கே?"

"தாராளமா சாப்பிடுங்க பெரியப்பா. பக்கத்துல இருக்கிற மாங்காய் ஊறுகாயைக் குடுங்க, அதோட உப்புதான் உங்களுக்கு ஆகாது."

தட்டை அந்தப் பக்கம் நகர்த்திக்கொண்டார்.