00:07:40:00-க்குப் பிறகு

டிசம்பர் 11
தங்கச்சிமடத்தில் மழை விட்டுவிட்டுப் பெய்கிறது. பெரியம்மாவுக்கு இருமல் நிற்கவில்லை.

டிசம்பர் 12
நாடகத்தின் விளக்குகள் என் பொறுப்பு. புயல் காட்சியின் ஒலி கைக்கு வந்துவிட்டது. இடது தடத்தில் காற்று, அலை, ரயில். வலது தடத்தில் எல்.டி.சி. டைம்கோடு, அதாவது எந்த நொடியில் இருக்கிறோம் என்று லைட் கன்சோலுக்குச் சொல்லும் ஒலி சிக்னல். விநாடிக்கு 25 ஃபிரேம். 29.97 வேண்டவே வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்தேன். அதை டிராப் ஃபிரேம் (இடையிடையே சில ஃபிரேம் எண்களைத் தாண்டிவிடும் முறை) இல்லாமல் ஓட்டினால் கோடு காட்டும் நேரம் ஒரு மணி நேரத்தில் நிஜக் கடிகாரத்தைவிட 3.6 விநாடி பின்தங்கிவிடும். 25-ல் அந்தத் தொல்லை இல்லை, ஒரு ஃபிரேம் சரியாக 40 மில்லி விநாடி. பாசஞ்சர் ரயிலின் முகப்பு விளக்கு தண்ணீருக்குள் போகும் இடம் 00:06:12:10 (மணி, நிமிடம், விநாடி, ஃபிரேம்). 1964 தனுஷ்கோடிப் புயலில் அந்த ரயிலோடு போனவர்களின் வீட்டு ஆட்கள் முன்வரிசையில் உட்காரப்போகிறார்கள். அங்கே அரை விநாடி பிசகினாலும் என் மனசு ஆறாது.

டிசம்பர் 14
ஒத்திகையில் வலது தடம் ஸ்பீக்கருக்குப் போய்விட்டது. மேடையில் நின்ற பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டார்கள். டைம்கோடு காதில் விழும் சத்தம்தான். ஒரு ஃபிரேமுக்கு 80 பிட், தகரத்தைக் கீறுவதுபோல் இருக்கும்.

"இது லைட் கன்சோலுக்கு மட்டும் மாமா. ஈக்யூ, கம்ப்ரஸர் எதுவும் இதைத் தொடக்கூடாது."

"அப்ப சத்தம் ஸ்டீரியோவா வராதேப்பா?"

வராது. புயல் மோனோவிலேயே வரட்டும்.

டிசம்பர் 15
ஆஸ்பத்திரி. உள்ளே விடவில்லை.

டிசம்பர் 16
பெரியம்மா பாடிய ஒப்பாரி யாரோ ஒருவர் போனில் இருக்கிறதாம். அதைப் புயலுக்குப் பின்னால் ஒட்டிவிட்டால் ஒப்பாரிக்கும் கோடு போட்டுவிடலாம், யார் வந்தாலும் வராவிட்டாலும் நாடகம் நடக்கும் என்கிறார்கள். முடியாது என்று சொல்லிவிட்டேன். குரலை உயர்த்தித்தான் சொன்னேன்.

புயலைக் கோடு நடத்தட்டும். மின்னல், ஸ்ட்ரோப், ரயில் எல்லாம் ஒலியோடு பிறந்தவை. ஒப்பாரி அப்படி இல்லை. "என்னைப் பெத்த ஆத்தா" என்று இழுக்கிறாளே, அந்த இழுப்பு ஒரு நாள் இருந்த மாதிரி மறுநாள் இருக்காது. போன ஒத்திகையில் பாதியில் நிறுத்திவிட்டு, காலி நாற்காலிகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். கோடு ஓடியிருந்தால் அந்த முகத்தின்மேல் விளக்கை அணைத்திருக்கும்.

அதனால் 00:07:40:00-ல் கோடு முடிகிறது. அதன் பிறகு கன்சோல் காத்திருக்கும். அவள் அரிக்கேன் விளக்கைக் கீழே வைக்கும் பலகைக்கு அடியில் ஒரு மைக்ரோ சுவிட்ச். விளக்கின் கனத்தில் அது மூடினால் அடுத்த கியூ, அதாவது அடுத்த வெளிச்ச மாற்றம். நீலம் மெல்ல இறங்கி, ஒரே ஒரு பார் லைட் (மேடை விளக்கு) மட்டும் நிற்கும். சுவிட்ச் மூடும்போது துள்ளி ஒரு தொடலைப் பலவாகக் காட்டும். முதல் தொடலை எடுத்துக்கொண்டு மற்றதைத் தள்ளச் சொல்லியிருக்கிறேன்.

டிசம்பர் 17
கன்சோலின் கட்டளையை விளக்குகளுக்குக் கொண்டுபோகும் டி.எம்.எக்ஸ். கேபிள் முனைகளைப் பிரித்தேன். பின்களில் பச்சை பூத்திருக்கிறது. கடற்கரையில் வைத்த செம்பு வேறு என்ன ஆகும். சுரண்டித் துடைத்து, கடைசி விளக்கில், சிக்னல் திரும்பி எதிரொலிக்காமல் தடுக்கும் 120 ஓம் டெர்மினேட்டர் போட்டதும் மினுக்கல் நின்றது. மைக் கேபிளை நடுவில் செருகியிருந்தார்கள், அதையும் உருவி எறிந்தாயிற்று.

மூச்சுக்கு மெஷின் வைத்திருக்கிறார்களாம்.

டிசம்பர் 18
வாடைக்காற்று மழையை மேடைக்குள் வாரி அடிக்கிறது. பலகை நனைந்து சுவிட்ச் தானாக மூடிக்கொண்டது. ரயில் வருவதற்கு முன்பே நீலம் இறங்கிவிட்டது. சுவிட்சை ரப்பர் உறைக்குள் வைத்தேன். அது மட்டும் போதாது என்று, கோடு 00:07:40-ஐ எட்டிய பிறகே அந்தத் தூண்டலைக் கன்சோல் காது கொடுத்துக் கேட்கும்படி பூட்டிவிட்டேன்.

டிசம்பர் 19
மூச்சு பரவாயில்லை என்று அக்கா போனில் சொன்னாள். குரல் எப்படி இருக்கிறது என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

டிசம்பர் 20
புயலின் நடுவே கரண்ட் போனது. லேப்டாப் பேட்டரியில் ஓடியது, கன்சோல் அணைந்துவிட்டது. ஜெனரேட்டர் வந்து கன்சோல் எழுந்ததும், கோட்டில் அந்த நொடிக்கு உரிய கியூவில் நேராகப் போய் நின்றது. மணி, நிமிடம், விநாடி, ஃபிரேம் எல்லாம் ஒவ்வொரு ஃபிரேமிலும் இருப்பதால் அதற்கு எதையும் நினைவு வைத்திருக்கத் தேவையில்லை. சரி, ஆனாலும் நாளைக்கு யு.பி.எஸ். கட்டாயம்.

டிசம்பர் 21
வந்துவிட்டாள்! ஆட்டோவிலிருந்து இறங்கி நேராக மேடைக்கு. மெலிந்த குரல்தான், ஆனால் அடி உடையவில்லை. பாடி முடித்தாள், விளக்கு கையிலேயே இருக்கிறது. நீலம் அப்படியே நிற்கிறது.

"பெரியம்மா, விளக்கை இந்தப் பலகையில வைக்கணும்."

"வைக்க மாட்டேன் ராசா. அன்னைக்கு ராத்திரி எங்க ஆத்தா கடைசி வரைக்கும் கையிலதான் வச்சிருந்துச்சு."

இத்தனை ஒத்திகையிலும் வைத்தவள். நான் மறுபேச்சுப் பேசவில்லை.

பலகையை எடுத்துவிட்டேன். உறுமி வாசிக்கும் சித்தப்பா அவள் மூச்சைப் பார்த்துத்தான் அடியை நிறுத்துகிறார், எந்தக் கருவியும் அவ்வளவு கவனிக்காது. அவர் காலடியில் மிடி பெடல், மிதித்தால் கன்சோலுக்குத் தூண்டல் போகும். மிடி கேபிளை 15 மீட்டருக்கு மேல் இழுக்கக் கூடாது, அவரை மேடைக்கு இடப்பக்கம் மாற்றி உட்காரவைக்க வேண்டும். சம்மதிப்பாரா தெரியவில்லை. இப்போதே போய்க் கேட்கிறேன்.