“இந்த வலி முழுசா போயிருமா, பாப்பா?”

இந்தக் கேள்விக்கு அந்தப் பதிலை நீ சொல்லியிருக்க வேண்டாம் என்று எங்கள் பிசியோதெரபி பிரிவின் மூத்த சார் இன்றைக்கும் சொல்கிறார். சொல்லாமல் வேறு என்ன செய்திருக்க முடியும் என்று நானும் இன்றைக்கும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

தையல்கடை வைத்திருந்த அம்மா அவர். வலது முழங்கால் மாற்று ஆபரேஷன் முடிந்து நான்காவது மாதம். முட்டி 105 டிகிரி மடங்கியது, முழுதாக நீண்டது. எக்ஸ்ரேயில் குறையில்லை. ரத்தப் பரிசோதனையில் கிருமித் தொற்றுக்கான தடயம் இல்லை. ஆபரேஷன் செய்த டாக்டர் ‘நல்லா வந்திருக்கு’ என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஆனால் ராத்திரி படுத்தால் முட்டியின் உள்பக்கம் குடைகிறது, மெஷினைக் கொஞ்ச நேரம் மிதித்தாலே வீங்கிவிடுகிறது என்றார்.

அதை நம்ப எனக்கு ரிப்போர்ட் தேவைப்படவில்லை. கழுத்தில் கிடக்கும் இஞ்ச் டேப்பால் காலையும் மாலையும் முட்டியைச் சுற்றி அளந்து, பில் புக்கின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருந்தார். காலை 15½, மாலை 16¼. மெஷினில் உட்காராத நாளில் மாலை 15¾. ரவிக்கை அளவு எழுதுகிற அதே கையெழுத்து, ஒவ்வொரு நாளுக்கும் கீழே ஒரு கோடு. எங்கள் கேஸ் ஷீட்டில்கூட இவ்வளவு ஒழுங்காக யாரும் எழுதி நான் பார்த்ததில்லை.

அன்றைக்கு ஐஸ் பேக்கை எடுத்துவிட்டுத் துண்டால் முட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் கேட்டார். “பாப்பா, இந்த வலி முழுசா போயிருமா? மழுப்பாம சொல்லு.”

நான் சொன்னேன்: “நிறைய பேருக்குப் போயிரும்மா. ஒரு வருஷம் வரைக்கும்கூடக் குறைஞ்சுக்கிட்டே வரும். சிலருக்கு மட்டும் கொஞ்சம் தங்கிரும். நீங்க எந்தப் பக்கம்னு இப்ப என்னால சொல்ல முடியாது.”

“சரி” என்றார். சேலையை இறக்கிவிட்டுக்கொண்டு, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போனார். அடுத்த வாரம் அவர் மகள் வந்து சொல்லித்தான் தெரியும், கடையைக் காலி செய்துவிட்டார் என்று. மாதக் கடைசிக்குள் முடிவு சொல்லச் சொல்லிக் கட்டட உரிமையாளர் கேட்டிருக்கிறார். அட்வான்ஸில் வாடகை கழிந்துகொண்டே இருந்திருக்கிறது. “நீங்க சரியாகாதுன்னு சொல்லிட்டீங்களாமே” என்றார் மகள்.

நான் அப்படிச் சொல்லவில்லை. சொன்ன வார்த்தைகளை எத்தனையோ முறை திருப்பிப் பார்த்துவிட்டேன், ஒன்றும் பொய்யில்லை. முழங்கால் மாற்று செய்துகொண்டவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு வலி நீடிக்கிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. ஆபரேஷனுக்குப் பிறகு 3 மாதம் தாண்டியும் போகாத வலியை, 2022 முதல் நடைமுறையில் இருக்கும் உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு தனி நோயாகவே கணக்கில் எடுத்துக்கொள்கிறது. மூட்டு நன்றாக உட்கார்ந்திருக்கும், தழும்பு ஆறியிருக்கும். ஆனால் மாதக்கணக்கில் வலியைச் சுமந்து பழகிய நரம்பு, சின்ன அசைவைக்கூட ஆபத்து என்று மூளைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கலாம். எக்ஸ்ரேயில் அது தெரியாது. அதற்காக அந்த வலி பொய்யாகிவிடாது.

“போயிரும், தைரியமா இருங்க” என்பதுதான் சாரின் பதில். அந்தப் பதிலை வாங்கிக்கொண்டு போனவர்கள் ஆறாவது மாதம் திரும்பி வருவதையும் நான் பார்த்திருக்கிறேன். பயிற்சியைச் சரியாகச் செய்யாததால்தான் வலிக்கிறது என்று தங்களையே நொந்துகொண்டு வருவார்கள். கூட வந்த மருமகள், “எல்லாருக்கும் சரியாயிருச்சு, அத்தைக்கு மட்டும் ஆகல” என்று அவர் எதிரிலேயே சொல்வார். வலியோடு சேர்ந்து பழியையும் அந்த மனுஷி சுமக்க வேண்டும். இதை நினைக்கும்போதெல்லாம் நான் சொன்னதே சரி என்று திடமாகத் தோன்றும்.

அப்புறம் சாருடைய வாதமும் வந்து நிற்கும். வலிக்கும் என்று எதிர்பார்ப்பவருக்குக் கூடுதலாக வலிக்கிறது. இது வெறும் ஆறுதல் பேச்சில்லை, திரும்பத் திரும்பச் சோதித்துக் கண்டது. 1965இல் மெல்சாக், வால் என்ற இரண்டு வலி ஆய்வாளர்கள் எழுதிய ‘கதவு’க் கோட்பாட்டை நாங்கள் எல்லோருமே படித்துத்தான் வருகிறோம்: காயத்திலிருந்து கிளம்பும் சேதி எல்லாம் அப்படியே மேலே போவதில்லை, முதுகுத்தண்டிலேயே ஒரு கதவு உண்டு, மனசில் இருப்பதும் அதைத் திறக்கும், மூடும். அப்படியென்றால் நான் சொல்லும் பதிலும் அந்த முட்டிக்குள்தானே போகிறது? ஐஸ் பேக்கை எத்தனை நிமிஷம் வைப்பது என்று கடிகாரத்தைப் பார்க்கிறோம். வாயிலிருந்து வரும் சொல்லுக்கு அந்தக் கவனம் இருக்கிறதா?

உண்மையை மறைத்திருக்கலாம் என்ற பக்கம் மட்டும் என் மனம் போகவே மாட்டேன் என்கிறது. மழுப்பாமல் சொல் என்று கேட்டவரிடம் மழுப்ப எனக்கு உரிமை இல்லை. என்னை உறுத்துவது வேறு. அவர் வலியைப் பற்றித்தான் கேட்டாரா, கடையைப் பற்றிக் கேட்டாரா? கடையைப் பற்றி என்றால் எவ்வளவோ சொல்ல இருந்தது. இருபது நிமிஷம் தைத்துவிட்டு எழுந்து நடங்கள், ஸ்டூலின் உயரத்தைக் கூட்டுங்கள், வெட்டுவதை நின்றும் தைப்பதை உட்கார்ந்தும் மாற்றி மாற்றிச் செய்யுங்கள், மெஷினுக்கு மோட்டார் போடுங்கள். மோட்டாரைப் பற்றி மகள் ஏற்கெனவே சொல்லிப் பார்த்தாராம். “வளைவுல கால் கேக்குற வேகம் மோட்டாருக்குத் தெரியாது” என்று மறுத்துவிட்டாராம். நானும் உட்கார்ந்து பேசியிருந்தால் ஒருவேளை சம்மதித்திருப்பார். சம்மதிக்காமலும் போயிருப்பார்.

கடை போன பிறகும் அவர் சிகிச்சைக்கு வருவதை நிறுத்தவில்லை. ஒரு நாளும் என்னைக் குறை சொன்னதில்லை. ஒரு வருஷம் நெருங்கும்போது ராத்திரி வலி விட்டிருந்தது. படி இறங்கும்போது மட்டும் லேசாகப் பிடிக்கிறது என்றார். முட்டியின் வெளிப்பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு உணர்ச்சி இல்லை, அது பலருக்கு அப்படியே இருந்துவிடும். அதைச் சொன்னபோது, “இருந்துட்டுப் போகட்டும்” என்றார்.

“கடைய விட்டதாலதான் வலி என்னைய விட்டுச்சு” என்பது அவர் கணக்கு. மகள் ஒப்புக்கொள்ளவில்லை. கடையில் நாலு பேரோடு பேசிக்கொண்டிருந்தவர் இப்போது வீட்டில் தெரிந்தவர்களுக்கு ஃபால்ஸ் தைத்துக்கொண்டு பேச்சே குறைந்துபோயிருக்கிறார் என்கிறார். திசுக்களும் நரம்பும் அடங்க ஒரு வருஷம் ஆகும் என்பதுதான் எங்கள் கணக்கு. கடை இருந்திருந்தாலும் வலி இதே அளவுக்குக் குறைந்திருக்கலாம். தினமும் மிதித்துத் தினமும் வீங்கி, குறையாமலே போயிருக்கவும் கூடும். இரண்டில் எது என்று சொல்ல அந்தக் காலோடு ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு கால் இல்லை.

இப்போதெல்லாம் யாராவது அந்தக் கேள்வியைக் கேட்டால், “எதுக்காகக் கேக்குறீங்க?” என்று முதலில் கேட்கிறேன். வேலையா, வீட்டு மாடியா, மகள் கல்யாணமா என்று தெரிந்தால் அதற்கேற்ற மாதிரி பேசலாமே என்றுதான். போன மாதம் ஒரு பெரியவரிடம் அப்படிக் கேட்டதும் அவர் முகம் மாறிவிட்டது. “வலிக்குதும்மா. அதான் கேக்குறேன். வேற எதுக்குக் கேப்பாங்க?”

அவர் சொல்வதும் நியாயம்தான். பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அந்த அம்மாவுக்குச் சொன்ன அதே பதிலை அவருக்கும் சொன்னேன்.