முதல் ரெக்கார்டு பிளேயர்

அக்கா மகளுக்குப் பிறந்தநாள் பரிசாக ரெக்கார்டு பிளேயர் தேடிக்கொண்டிருக்கிறேன். அவள் கேட்டது சூட்கேஸ் மாதிரி மூடித் திறக்கிற வகை. பார்க்க அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அவற்றில் பெரும்பாலும் செராமிக் கார்ட்ரிட்ஜ் (ஊசியின் அசைவை மின்சிக்னலாக மாற்றுகிற பாகம்). ஊசி இசைத்தட்டை 5 கிராம் வரைகூட அழுத்தும். காந்தம் வைத்து வேலை செய்கிற மூவிங் மேக்னட் வகை கார்ட்ரிட்ஜ் என்றால் பொதுவாக 2 கிராம் போதும். சின்ன வித்தியாசம் போலத் தெரியலாம், ஆனால் அத்தனை எடையும் அந்த ஊசி முனையில்தான் இறங்குகிறது. ஸ்பீக்கரும் அதே பெட்டிக்குள் இருப்பதால் சத்தத்தைக் கூட்டினால் அதிர்வில் ஊசி தாவும்.

அதனால் ஸ்பீக்கர் தனியாக, ஊசி மாற்றக்கூடியதாக, ஃபோனோ பிரீஆம்ப் உள்ளேயே இருக்கிற மாடலாகப் பார்க்கிறேன். இசைத்தட்டில் பேஸை, அதாவது தாழ்ந்த ஒலிகளை, குறைத்துத்தான் பதிவு செய்வார்கள். அதைத் திரும்ப ஏற்றித் தருவது இந்த பிரீஆம்ப்தான். இல்லாவிட்டால் பாட்டு சன்னமாக, உயிரில்லாமல் கேட்கும்.

ஆட்டோமேட்டிக்கா, மேனுவலா? ஆடியோ-டெக்னிகா ஏடி-எல்பி60எக்ஸ் மாதிரி, பட்டனை அழுத்தினால் ஊசிக்கை தானே இறங்கி, முடிந்ததும் தானே திரும்புகிற வகைக்கே என் ஓட்டு. பாதிப் பாட்டில் தூங்கிப்போகிற வயசு. ஆடியோ ரசிகர்கள் திட்டுவார்கள், திட்டட்டும். நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றுகிற வேகம் வேண்டாம். 33⅓, 45 இருந்தால் சரி.

அப்புறம் தூசி தட்ட ஒரு கார்பன் ஃபைபர் பிரஷ். முதல் இசைத்தட்டை மட்டும் அவளே தேர்ந்தெடுக்கட்டும், என் ரசனையைப் பார்த்தால் சிரிப்பாள்.