ஊரில் தொழிற்பேட்டை கேட்பவர்களுக்கு, ஜூரோங்கிலிருந்து ஒரு கணக்கு

மன்னார்குடி, பட்டுக்கோட்டை, திருத்துறைப்பூண்டி, அறந்தாங்கி என்று காவிரிப் படுகையிலோ அதன் விளிம்பிலோ சொந்த ஊர் உள்ள குடும்பங்கள் சிங்கப்பூரில் ஏராளம். 2023 மே மாதம் தமிழக முதல்வர் மு.க.ஸ்டாலின் இங்கு வந்தபோது, மன்னார்குடியில் சிங்கப்பூரின் முதல் பிரதமர் லீ குவான் இயூவுக்கு நினைவுச் சின்னமும் நூலகமும் அமைக்கப்படும் என்று அறிவித்தது அந்த உறவைக் கருதித்தான். அதே பயணத்தில், சிங்கப்பூரின் ஹை-பி நிறுவனம் தமிழ்நாட்டில் 312 கோடி ரூபாயில் மின்னணு உதிரிபாக ஆலை அமைப்பதற்கான புரிந்துணர்வு ஒப்பந்தமும் கையெழுத்தானது. அப்போது முதல் நம்மவர்கள் கூடும் இடங்களிலெல்லாம் ஒரு கேள்வி தவறாமல் எழுகிறது: நினைவுச் சின்னம் நல்லதுதான், எங்கள் பக்கம் ஒரு கம்பெனி எப்போது வரும்?

துல்லியப் பொறியியல் துறையில் வேலை பார்த்த காலத்தில், இரண்டாவது ஆலைக்கு வெளிநாட்டில் இடம் தேடும் குழுவில் நானும் சில ஆண்டுகள் இருந்தேன். முதலீட்டாளர் ஓர் இடத்தை விரும்பித் தேர்ந்தெடுக்கிறார் என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைக்கிறார்கள். உள்ளே நடப்பது பெரும்பாலும் கழித்தல் வேலைதான். நீண்ட பட்டியலை வைத்துக்கொண்டு, விடை கிடைக்காத கேள்வி எந்த ஊரில் அதிகமோ அந்த ஊரை முதலில் அடித்துவிடுவார்கள். கிராமப்புற இடங்கள் தொலைவினால்தான் அடிபடுகின்றன என்பது பொதுவான எண்ணம். ஆனால் தொலைவைக் கணக்கில் அடக்கிவிடலாம்; துறைமுகம் வரை ஒரு கொள்கலனுக்கு இத்தனை ரூபாய் கூடுதல் என்று விலையில் சேர்த்துவிட்டால் முடிந்தது. எப்போது வரும் என்று யாருமே சொல்ல முடியாத மின் இணைப்பைக் கணக்கில் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

முதலில் நிலம். "ஏக்கர் விலை இங்கே பாதிதான்" என்பதுதான் ஊர்க்காரர்கள் பெருமையாகச் சொல்லும் முதல் வாசகம். ஆலையின் மொத்தச் செலவில் எந்திரங்களும் கட்டடமும் பிடிக்கும் பங்கோடு ஒப்பிட்டால், கிராமத்து நில விலை பெரிய தொகையே அல்ல. அச்சம் வேறு இடத்தில் இருக்கிறது. பட்டா ஒருவர் பெயரில், அனுபவம் இன்னொருவர் கையில். கூட்டுப் பட்டாவில் உள்ள பங்காளிகளில் ஒருவர் துபாயில், ஒருவர் இறந்து வாரிசுச் சான்று வாங்கப்படாத நிலையில். வில்லங்கச் சான்றில் ஏறாத பழைய ஒத்தி. வாங்க நினைக்கும் புலங்களுக்கு நடுவே வளைந்து போகும் வாய்க்கால் புறம்போக்கு. ஓரத்தில் கோயில் நிலம் அரை ஏக்கர். இவை ஒவ்வொன்றும் தீர்க்கக்கூடியவைதான், ஆனால் எத்தனை மாதத்தில் தீரும் என்று எந்த வழக்கறிஞரும் எழுதிக் கொடுக்க மாட்டார். தனியாரிடம் மலிவாகக் கிடைக்கும் நிலத்தை விட்டுவிட்டு, கூடுதல் தொகை கொடுத்து சிப்காட்டின் 99 ஆண்டுக் குத்தகைக்கு நிறுவனங்கள் போவது இதனால்தான். 1971இல் தொடங்கப்பட்டு, ராணிப்பேட்டையில் முதல் வளாகத்தை அமைத்த அந்த அரசு நிறுவனம் விற்பது மண்ணை மட்டும் என்று நினைப்பது பிழை. வழக்கு வராது என்ற நிம்மதிக்கும் அந்த விலையில் பங்கு உண்டு.

அடுத்தது மின்சாரம். இதில் நம்மூர்க்காரர்களுக்கும் முதலீட்டாளருக்கும் இடையே பெரிய புரிதல் இடைவெளி இருக்கிறது. "இப்போதெல்லாம் மின்வெட்டே கிடையாது" என்று ஊரில் சொல்வார்கள், அது வீட்டு விளக்கைப் பொறுத்தவரை உண்மையாகவும் இருக்கலாம். கணினிவழி இயங்கும் கடைசல் எந்திரத்துக்கு மின்வெட்டு தேவையில்லை, கண் இமைக்கும் நேரம் மின்னழுத்தம் தாழ்ந்தாலே போதும். வெட்டிக்கொண்டிருந்த பாகம் குப்பைக்குப் போகும், வெட்டும் கருவி முறியும், எந்திரத்தை மீண்டும் சீரமைத்து ஓட்ட அரை நாள் ஆகும். ஆகவே பொறியாளர் வந்து கேட்பது, துணைமின் நிலையம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, வயல் பம்புசெட்டுகளோடு பகிர்ந்துகொள்ளாத தனித் தடம் கிடைக்குமா, ஒரு தடம் அறுந்தால் இரண்டாவது எங்கிருந்து வரும் என்பவற்றைத்தான். இவற்றுக்கு மின்வாரியத்தின் கோட்டப் பொறியாளரிடமிருந்து தேதியுடன் கூடிய கடிதம் ஒன்று கிடைத்தால், அது எந்த வரிச் சலுகைக்கும் குறைந்ததல்ல.

சலுகைகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தமிழ்நாட்டின் 2021ஆம் ஆண்டுத் தொழிற்கொள்கை மாவட்டங்களை ஏ, பி, சி என்று பிரித்து, பின்தங்கிய சி பிரிவுக்குக் கூடுதல் சலுகை தருகிறது. மற்ற மாநிலங்களும் ஏறக்குறைய இதையே செய்கின்றன. எல்லாரும் தரும் ஒன்று யாரையும் தனியே இழுக்காது.

சிங்கப்பூரின் மேற்கில் உள்ள ஜூரோங் தொழிற்பேட்டையின் கதையை இங்கே பலரும் வெற்றிக் கதையாகவே கேட்டு வளர்ந்திருக்கிறோம். நடுவில் இருந்த வெறுமையான ஆண்டுகள்தான் எனக்கு முக்கியமாகப் படுகின்றன. 1961இல் பொருளியல் வளர்ச்சிக் கழகம் அமைக்கப்பட்டபோது ஜூரோங் என்பது சதுப்பும் குன்றும் ரப்பர்த் தோட்டமும் இறால் குட்டையும் கலந்த நாட்டுப்புறம்; நகரத்திலிருந்து அங்கே போய் வருவதே பயணம்தான். குன்றை வெட்டிச் சதுப்பில் கொட்டி நிலத்தைச் சமன்படுத்தினார்கள். தேசிய இரும்பு, எஃகு ஆலைக்கு 1962இல் அடிக்கல் நாட்டினார்கள். பிறகும் ஆலைகள் வரிசை கட்டி வந்துவிடவில்லை. நிதியமைச்சர் கோ கெங் சுவீயின் மடத்தனம் என்று கேலி பேசப்பட்ட காலம் அது. ஒவ்வோர் ஆலைக்கும் அடிக்கல் விழாவுக்கு ஒரு முறை, திறப்பு விழாவுக்கு ஒரு முறை என இரண்டு தடவை போய், இருப்பதைக்காட்டிலும் அதிகம் நடப்பதுபோல் அவர் தோற்றம் ஏற்படுத்தினார் என்று சொல்வதுண்டு. (தமிழ்நாட்டு அமைச்சர்களுக்கு இதை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.)

விழாக்களுக்குப் பின்னால் நடந்த வேலைதான் இன்றும் படிக்கத்தக்கது. யார் வருவார்கள் என்று தெரியாத நிலையிலேயே, வருபவர் எந்திரத்தை இறக்கி உடனே ஓட்டத் தொடங்கும்படி பொது வடிவில் ஆலைக் கட்டடங்களை அரசு முன்கூட்டியே கட்டி வைத்தது. 1960களின் நடுவில் ஜூரோங் துறைமுகமும் ரயில் கிளைப்பாதையும் வந்தன. தொழிலாளர்கள் அங்கேயே குடியேறுவதற்குத் தாமான் ஜூரோங் அடுக்குமாடி வீடுகள் எழுந்தன. ஆனாலும் மக்கள் தயங்கினார்கள். 1968இல் உருவான ஜேடிசி (ஜூரோங் நகரக் கழகம்), தொழிற்பேட்டையை நடத்தும் வேலையோடு, 1971இல் ஜூரோங் பறவைப் பூங்காவையும் அதன்பின் ஜப்பானியத் தோட்டம், சீனத் தோட்டம் ஆகியவற்றையும் அமைத்தது அந்தத் தயக்கத்தைப் போக்கத்தான். பள்ளி விடுமுறையில் நாம் பென்குயின் பார்க்கப் போன இடம் தொழிற்கொள்கையின் ஒரு பகுதி என்பதை நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்வதில்லை.

இந்தப் பாடத்தைச் சிங்கப்பூர் வெளியிலும் கொண்டு போனது. 1990களின் தொடக்கத்தில் இந்தோனேசியாவின் பாத்தாம் தீவில் உருவான பாத்தாமிண்டோ வளாகம் தனக்கென மின்நிலையம், நீர் சுத்திகரிப்பு, தொழிலாளர் விடுதி ஆகியவற்றைக் கட்டிக்கொண்டது. வேலிக்கு வெளியே என்ன குறை இருந்தாலும் வேலிக்குள் ஆலை ஓடும் என்பதே அதன் ஈர்ப்பு. 1996இல் வியட்னாமின் பின் யோங் வட்டாரத்தில் தொடங்கிய வியட்னாம்–சிங்கப்பூர் தொழிற்பேட்டை, தொழிற்பயிற்சி நிலையத்தையும் சேர்த்தே திட்டமிட்டது. அதே கூட்டு முயற்சி பிற்பாடு நெ ஆன், குவாங் நகாய் போன்ற வசதி குறைந்த மத்திய மாநிலங்களுக்கும் விரிந்தது. புதிய ஊருக்குப் போகும்போது பழைய வாடிக்கையாளர்களையும் உடன் அழைத்துக்கொண்டு போக முடிந்ததற்கு, முதல் இடத்தில் சொன்ன தேதிகள் காப்பாற்றப்பட்டதுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

தமிழ்நாட்டில் கிராமப்புறத் தொழில்மயத்துக்கு ஓசூரை எடுத்துக்காட்டாகச் சொல்வோருடன் எனக்கு உடன்பாடில்லை. பெங்களூருவின் வாசலில் இருக்கும் ஓர் ஊரின் வளர்ச்சியை வைத்துத் திருவாரூருக்குப் பாடம் எடுக்க முடியாது. செய்யாறும் பெரம்பலூரும் பொருத்தமான எடுத்துக்காட்டுகள். திருவண்ணாமலை மாவட்டத்தின் செய்யாற்றில் தைவான் குழுமமொன்றின் காலணி ஆலைகள் ஆயிரக்கணக்கான பெண்களுக்கு வேலை தருகின்றன. பெரம்பலூர் மாவட்டம் எறையூரில் 2022 நவம்பரில் சிப்காட் வளாகத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டு, அடுத்த ஆண்டே காலணி உற்பத்தி தொடங்கியது. அந்த வட்டாரத்தில், சிறப்புப் பொருளாதார மண்டலம் வருகிறது என்று சொல்லி விவசாயிகளிடம் வாங்கிய நிலம் ஆண்டுக்கணக்கில் தரிசாகக் கிடந்ததை அறிந்தவர்களுக்கு அந்த வேகம் வியப்பாக இருந்திருக்கும்.

ஏன் காலணி? தோல் பயன்படுத்தாத விளையாட்டுக் காலணிக்குத் தண்ணீர் குறைவாகப் போதும், மின்சாரமும் அளவோடு போதும், சரக்கின் எடை குறைவு. தேவைப்படுவது நிறையக் கைகள். அந்தக் கைகள் நகரத்தில் வாடகை கொடுத்துத் தங்காமல், சொந்த வீட்டிலிருந்து கம்பெனிப் பேருந்தில் வந்து மாலையில் திரும்பிவிட முடிகிறது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஆலைப் பெண்களுக்காக வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் விடுதிகளை 2024இல் அரசே கட்டித் திறக்க வேண்டியிருந்தது; கிராமத்தில் அந்தச் செலவு மிச்சம். ஓர் ஊருக்கு எந்தத் தொழில் பொருந்தும் என்பதை இப்படி ஊரின் பக்கமிருந்து யோசித்து, பிறகு அந்தத் தொழில் செய்வோரைத் தேடிப் போவது ஒரு முறை. மாநாட்டு மேடையில் ஒப்பந்தங்களைக் கூட்டிப் பார்ப்பது இன்னொரு முறை. 2015இல் 2.42 லட்சம் கோடி, 2019இல் 3 லட்சம் கோடி, 2024இல் 6.64 லட்சம் கோடி என்று உலக முதலீட்டாளர் மாநாடுகளின் தொகை ஏறிக்கொண்டே போயிற்று. அவை ஒப்பந்தத் தாளில் உள்ள எண்கள். அவற்றுள் எவ்வளவு கட்டடமாயிற்று என்பதை மாவட்டவாரியாக ஆண்டுதோறும் வெளியிட்டால் மட்டுமே அவற்றுக்குப் பொருள் உண்டு.

நிலம் கொடுப்பவரின் பக்கத்தையும் சொல்லாமல் போவது நேர்மையாகாது. செய்யாறு விரிவாக்கத்துக்காக மேல்மா பகுதியில் விளைநிலம் எடுப்பதை எதிர்த்துப் போராடிய விவசாயிகள் சிலர் மீது 2023 நவம்பரில் குண்டர் சட்டம் பாய்ந்தது. கண்டனம் எழுந்தபின் பெரும்பாலோர் மீதிருந்த அந்த நடவடிக்கையை அரசு விலக்கிக்கொண்டது. முப்போகம் விளையும் நிலத்தைக் கேட்டால் எதிர்ப்பு வரும் என்பது யாருக்கும் தெரியாத செய்தியல்ல. முதலீட்டாளர் கண்ணோட்டத்தில் மட்டும் பார்த்தாலும், போராட்டப் பந்தலுக்கு எதிரே ஆலை கட்ட எந்த நிர்வாகக் குழுவும் ஒப்புதல் தராது.

டெல்டாவுக்கு வருகிறேன். 2020ஆம் ஆண்டுச் சட்டப்படி தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களும் புதுக்கோட்டை, கடலூரின் சில பகுதிகளும் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம். தோல் பதனிடுதல், செம்பு உருக்காலை, எண்ணெய், எரிவாயு அகழ்வு போன்றவற்றுக்கு அங்கே புதிதாக இடமில்லை. இதை முட்டுக்கட்டை என்று புலம்பும் நண்பர்கள் இங்கே உண்டு. எது கூடாது என்று முன்பே தெளிவாக எழுதிவைத்த ஊர், பாதி வழியில் மனம் மாறும் ஊரைவிட முதலீட்டாளருக்கு எளிது என்பது என் கருத்து. ஆனால் வயலுக்கு நடுவே பெரிய ஆலை வரும் என்று மன்னார்குடி காத்திருப்பதிலும் பயனில்லை. பார்க்க வேண்டிய திசை திருச்சி.

1960களில் திருச்சியில் வந்த, மத்திய அரசு நிறுவனமான பெல்லின் கொதிகலன் ஆலையைச் சுற்றித் துவாக்குடியில் இரும்புக் கட்டுமானப் பட்டறைகள் வளர்ந்தன. பெல்லுக்கு வந்துகொண்டிருந்த ஆணைகள் குறைந்தபின் அவற்றில் பல, கொட்டகையும் பாரந்தூக்கியும் இருந்தும் வேலையில்லாமல் தவித்தன. பற்றவைப்பு ஆராய்ச்சி நிலையம் அங்கேயே இருக்கிறது. சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்கு நேரடி விமானம் நாள்தோறும் பறக்கிறது. 2024இல் புதிய முனையமும் திறக்கப்பட்டது. எல்லாவற்றுக்கும் மேலாக, சிங்கப்பூரின் துவாஸிலும் ஜூரோங் தீவிலும் கப்பல் பட்டறையிலும் ஆண்டுக்கணக்கில் பற்றவைத்து, குழாய் பொருத்தி, சாரம் கட்டி, இங்குள்ள பாதுகாப்புப் பயிற்சிகளை முடித்துச் சான்றிதழோடு ஊர் திரும்பிய ஆட்கள் புதுக்கோட்டை, சிவகங்கை, தஞ்சைப் பகுதிகளில் கிராமந்தோறும் இருக்கிறார்கள். சிங்கப்பூர் மேற்பார்வையாளர் என்ன எதிர்பார்ப்பார் என்பது அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்காமலே தெரியும். பக்கத்திலுள்ள மலேசியாவின் ஜோகூருடன் 2025 ஜனவரியில் சிறப்புப் பொருளியல் வட்டார ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு, காலையில் போய் மாலையில் திரும்பக்கூடிய இடத்தோடு நில விலையில் போட்டியிட நம்மால் முடியாது. இந்த ஆட்களை வைத்துப் போட்டியிட முடியும்.

ஆனால் அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்ற விவரம் யார் கையிலும் ஒரே இடத்தில் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. சிங்கப்பூரில் இயங்கும் ஊர்ச் சங்கங்கள் பொங்கல் விழாவுக்குத் திரட்டும் உழைப்பில் ஒரு பங்கை இதற்குச் செலவிடலாம்: திரும்பியவரின் வட்டம், தொழில், பற்றவைப்பில் எந்த நிலைத் தேர்வு வரை தேறியவர், சான்றிதழ் காலாவதியாகும் ஆண்டு, பெரம்பலூருக்கோ துவாக்குடிக்கோ நாள்தோறும் போய்வரச் சம்மதமா, குறைந்தது என்ன சம்பளத்துக்கு வருவார் என்பவை மட்டும் கொண்ட ஒரு பட்டியல். அதைத் தமிழக அரசின் முதலீட்டு ஊக்குவிப்பு முகமையான கைடன்ஸிடமும் சிப்காட் திட்ட அலுவலகத்திடமும், இங்குள்ள நடுத்தரப் பொறியியல் நிறுவனங்களிடமும் ஒரே நேரத்தில் கொடுக்கலாம். முன்னாள் சகாக்கள் சிலரும் நானும் அறந்தாங்கி வட்டத்திலிருந்து இதைத் தொடங்கியிருக்கிறோம். இதுவரை அதிகம் சேர்ந்திருப்பவர்கள் குழாய்ப் பற்றவைப்பாளர்கள். தரக் கண்காணிப்பு தெரிந்தவர்களைத்தான் தேடிக்கொண்டிருக்கிறோம்.