சின்னக் கைகளுக்குத் தொடக் கற்றுக்கொடுப்பது

"மெதுவா, மெதுவா!" என்று பெரியவர்கள் பதறுவதும், குழந்தை பூனையின் காதை இன்னும் இறுக்கிப் பிடிப்பதும் பிராணி வளர்க்கும் பல வீடுகளில் நடக்கிறது. அந்தக் குழந்தைக்கு அடமும் இல்லை, கெட்ட எண்ணமும் இல்லை. இரண்டு வயதில் "மெதுவா" என்ற சொல்லுக்கு உருவம் கிடையாது. கையின் எந்தப் பகுதியால் தொடுவது, உடம்பில் எந்த இடத்தில், எத்தனை தடவை, எப்போது கையை எடுப்பது என்பதெல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் இருப்பதாக நாம்தான் நினைத்துக்கொள்கிறோம். கையைப் பிடித்து 'அ' எழுதப் பழக்குவது போல, இதையும் கையைப் பிடித்துத்தான் பழக்க வேண்டும்.

முதலில் அந்தக் கையைப் பற்றி. பிடிக்கும் திறமை குழந்தைக்குச் சீக்கிரம் வந்துவிடுகிறது. பிடித்ததை நினைத்தபோது விடும் திறமை அதற்கு வெகுகாலம் பின்னால்தான் வருகிறது. உள்ளங்கையில் மென்மையான ரோமம் பட்டதும் விரல்கள் மூடிக்கொள்கின்றன. தவிர, மூன்று வயது வரை பல குழந்தைகள் கையைத் தோளிலிருந்து வீசித்தான் இயக்குகிறார்கள். மணிக்கட்டின் கட்டுப்பாடு இன்னும் பழகவில்லை. தட்டிக்கொடுக்க நினைத்தது அடியாக விழுவது அதனால்தான். இதற்குக் குழந்தையின் கையில் ஓர் அடி வைத்தால், கோபம் வந்தால் அடிக்கலாம் என்பதைத்தான் அது கற்றுக்கொள்ளும். அடுத்த அடி நாய்க்கு விழும்.

பழக்கத்தைப் பிராணி இல்லாமல் தொடங்குங்கள். குழந்தையின் முன்கையில், விரல்களைச் சேர்த்து விரித்த உங்கள் கையால், முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை ஒரே திசையில் வருடிக் காட்டுங்கள். எவ்வளவு அழுத்தம் என்பதற்கு ஓர் அளவு உண்டு: முடி நகர வேண்டும், தோல் நகரக்கூடாது. பிறகு குழந்தை உங்கள் கையில் செய்யட்டும். அழுத்தினால் "இது எனக்கு வலிக்குது, கொஞ்சம் லேசா" என்று சொல்லுங்கள். பிராணியால் வாய்விட்டுச் சொல்ல முடியாததை நீங்கள் சொல்கிறீர்கள். அடுத்தது ரோமமும் வாலும் உள்ள பொம்மை. கழுத்திலிருந்து முதுகுப் பக்கமாக, ரோமம் படிந்திருக்கும் திசையில். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று நிமிடம் போதும். அதற்கு மேல் இழுத்தால் சின்னக் குழந்தைக்குக் கவனம் சிதறி, கை மறுபடி வீச ஆரம்பிக்கும்.

கை ஓரளவு பழகிய பிறகுதான் உண்மையான பிராணி. நேரம் பார்த்துச் செய்யுங்கள். பிராணி ஓடியாடி முடித்து, விழித்தபடி அமைதியாக இருக்க வேண்டும். குழந்தை பசியோடோ தூக்கக் கலக்கத்திலோ இருக்கக்கூடாது. நீங்கள் தரையில் உட்கார்ந்து, குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். குழந்தையைப் பிராணியிடம் கொண்டுபோக வேண்டாம். பிராணி தானாக வரட்டும். வராவிட்டால் அன்றைக்குப் பாடம் இல்லை. வந்தால், இரண்டு வயதுக்குள் இருக்கும் குழந்தை என்றால் புறங்கையால் தொடச் செய்யுங்கள். புறங்கையால் எதையும் பிடிக்க முடியாது என்பதால், ரோமம் சிக்கும் பிரச்சினை அங்கேயே முடிந்துவிடுகிறது. கொஞ்சம் பெரிய குழந்தை என்றால் விரித்த உள்ளங்கை, அதன் மேல் உங்கள் கை.

மூன்று தடவை வருடிவிட்டுக் கையை மடியில் வைக்க வேண்டும். என்னைக் கேட்டால் மொத்தப் பாடத்தில் இதுதான் உயிர்நாடி. "ஒண்ணு, ரெண்டு, மூணு, கை மடிக்கு" என்று சேர்ந்தே எண்ணுங்கள். இப்போது பிராணி என்ன செய்கிறது என்று இரண்டு பேரும் பாருங்கள். நெருங்கி வந்து சாய்ந்தால், மூக்கால் கையைத் தட்டினால், "இன்னும் வேணுமாம்". தலையைத் திருப்பிக்கொண்டால், எழுந்து போனால், "போதுமாம்". அசையாமல் விறைத்துக் கிடந்தாலும் "போதும்" என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். பெரியவர்களே இதில்தான் தவறுகிறார்கள். பொறுமையான நாய், எதுவும் செய்யாது என்று அவர்கள் சொல்லிக்கொண்டிருக்கும்போது, அந்த நாய் பயத்தில் உறைந்திருக்கலாம். எழுந்து போகும் பிராணியைத் துரத்தக்கூடாது, திரும்ப இழுத்து வரக்கூடாது. பெரியவர்களுக்கும் இதே விதிதான். விருந்தாளிக்குக் காட்டுவதற்காகப் பூனையை நீங்கள் தூக்கி வந்தால், குழந்தையும் நாளைக்குத் தூக்கும்.

தொடும் இடம் பிராணிக்குப் பிராணி மாறும். நாய்க்கு மார்பு, தோள், கழுத்தின் பக்கவாட்டு. தலைக்கு மேலிருந்து இறங்கும் கையைப் பல நாய்கள் விரும்புவதில்லை. பூனைக்குக் கன்னம், மோவாய்க்கு அடியில், காதுகளுக்கு நடுவில். வயிறு, பாதம், வால் மூன்றும் விலக்கு. பூனை மல்லாந்து படுத்து வயிற்றைக் காட்டுவது தடவச் சொல்லி அழைப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அது உங்களிடம் பயமில்லை என்று காட்டுகிறது, அவ்வளவுதான். கை வைத்தால் நான்கு கால் நகமும் கையில் பதியும். வாலை இழுப்பது விளையாட்டுக் காரியம் இல்லை. பூனையின் வால் தொடங்கும் இடத்தில் சிறுநீரையும் மலத்தையும் அடக்கும் நரம்புகள் இருக்கின்றன. பலமாக இழுபட்டால் அவை சேதமடைந்து, அடக்க முடியாத நிலை வரலாம். வால் இழுபட்ட பிறகு வால் தொங்கியே இருந்தாலோ, பூனை சிறுநீர் கழிக்காவிட்டாலோ, அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

குழந்தை ரோமத்தைப் பிடித்துவிட்டால் கையை வெளியே இழுக்காதீர்கள். இழுத்தால் பிடி இறுகும், ரோமமும் பிய்யும். குழந்தையின் முஷ்டியைப் பிராணியின் உடம்போடு சேர்த்து லேசாக அணைத்துப் பிடியுங்கள். அப்போது ரோமத்தின் மேல் இழுவை இருக்காது. பிறகு சுண்டுவிரலிலிருந்து தொடங்கி ஒவ்வொரு விரலாக விடுவியுங்கள். கத்தினால் குழந்தை திடுக்கிட்டு இன்னும் இறுக்கும்.

இனி உடல்மொழி. நாய் கடிப்பதற்கு முன்னால் பெரும்பாலும் பல தடவை சொல்லிப் பார்க்கிறது. பசியில்லாதபோது உதட்டை நக்குவது, தூக்கம் இல்லாமல் கொட்டாவி விடுவது, முகத்தைத் திருப்புவது, கண்ணின் வெள்ளை பிறை போலத் தெரிவது, ஒரு முன்காலைத் தூக்கிக்கொள்வது, காதைப் பின்னால் படியவைப்பது, வாலை உள்ளே இழுத்துக்கொள்வது. அதற்கும் பலன் இல்லை என்றால் உடம்பு விறைக்கும், உறுமும், கடைசியில்தான் பல் படும். நான்கைந்து வயதுக் குழந்தைகளில் பலர் பல்லைக் காட்டும் நாயைப் பார்த்து "சிரிக்குது" என்று நினைத்துக் கிட்டே போகிறார்கள். ஆகவே அடையாளங்களைக் குழந்தை பார்த்துக்கொள்ளும் என்று விடமுடியாது. பார்க்க வேண்டியது பெரியவர். குழந்தைக்கு ஒன்றிரண்டு சொல்லிக்கொடுத்தால் போதும்: முகத்தைத் திருப்பினால் நிறுத்து, உறுமினால் அப்படியே நில், பெரியவரைக் கூப்பிடு.

உறுமும் நாயைத் தண்டிக்காதீர்கள். உறுமல் ஓர் எச்சரிக்கை. அதை அடித்து அடக்கினால், அடுத்த முறை எச்சரிக்கை இல்லாமல் கடி விழும். உறுமியதும் குழந்தையைத்தான் விலக்க வேண்டும், எதற்கு உறுமியது என்று யோசிக்க வேண்டும். அதேபோல, கட்டிப்பிடிப்பதும் முகத்தோடு முகம் வைப்பதும் மனிதர்களுக்கு அன்பு. பல நாய்களுக்கு அது தப்பிக்க முடியாதபடி மாட்டிக்கொள்வது. சின்னக் குழந்தையின் முகமும் நாயின் வாயும் ஒரே உயரத்தில் இருக்கின்றன. அதனால்தான் சிறு குழந்தைகளுக்குக் கடி முகத்திலும் தலையிலும் கழுத்திலும் விழுகிறது. கடிக்கும் நாயும் பெரும்பாலும் தெரிந்த நாய்தான். நாயின் மேல் குழந்தையை உட்காரவைத்து எடுத்த படத்தைப் பார்த்தாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. நாயின் முதுகெலும்பு சுமை தாங்குவதற்கானது இல்லை என்பது ஒரு பக்கம். அந்தப் படத்தில் நாயின் கண்ணைப் பாருங்கள், வெள்ளை தெரியும்.

பூனையிடம் அடையாளங்கள் சிறியவை, வேகமானவை. வால் நுனி துடிக்கும், முதுகுத் தோல் அலை போலச் சிலிர்க்கும், காது பக்கவாட்டில் படியும், கண்மணி விரியும். தலை சட்டென்று கைப்பக்கம் திரும்பினால் கையை எடுக்க அதுதான் கடைசி நொடி. விளையாடும்போது விரலை ஆட்டிப் பூனையைப் பாயவைக்கக்கூடாது. கை ஒரு பொம்மை என்று பழகிய குட்டி, வளர்ந்த பிறகும் கையைத்தான் தாக்கும். ஒரு முழத்துக்குக் குறையாத குச்சியின் நுனியில் துணியோ இறகோ கட்டி விளையாடச் சொல்லுங்கள்.

சில நேரங்களில் தொடவே கூடாது: சாப்பிடும்போது, தூங்கும்போது, எதையாவது கடித்துக்கொண்டிருக்கும்போது, குட்டிகளோடு இருக்கும்போது, உடம்பு சரியில்லாதபோது. இதற்கு விதி மட்டும் போதாது, இடமும் வேண்டும். நாயின் படுக்கை, கூண்டு, பூனை ஏறிப் படுக்கும் உயரமான தட்டு ஆகிய இடங்களுக்குள் குழந்தை போகக்கூடாது. தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் தடுப்புக் கதவு போடுங்கள். பிராணி மூலையில் மாட்டிக்கொள்ளாமல் வெளியேற எப்போதும் ஒரு வழி இருக்க வேண்டும். கண்காணிப்பு என்றால் கை எட்டும் தூரம். அதே அறையில் இருந்துகொண்டு போனைப் பார்ப்பது கணக்கில் வராது. சமையலோ குளியலோ இருந்தால், அந்த நேரத்துக்குக் குழந்தை ஒரு பக்கம், பிராணி ஒரு பக்கம்.

முயல், கினி பிக், ஹாம்ஸ்டர் ஆகியவற்றைச் சின்னப் பிராணி என்பதால் சின்னக் குழந்தைக்கு ஏற்றவை என்று வாங்கிவிடுகிறார்கள். நான் அதற்கு நேர்மாறாகத்தான் சொல்வேன். முயலின் பின்னங்கால்களுக்குப் பலம் அதிகம், எலும்போ லேசு. பின்பக்கத்தைத் தாங்காமல் தூக்கினால், அது உதைக்கும் வேகத்தில் அதன் முதுகெலும்பே முறியலாம். எனவே சிறுவர்கள் தூக்கவே வேண்டாம். தரையில் உட்கார்ந்து, பக்கவாட்டிலிருந்து கையைக் கொண்டுபோய் நெற்றியில் வருடலாம். மூக்குக்கு நேர் முன்னால் முயலுக்குக் கண் தெரியாது. அங்கிருந்து வரும் கை அதைத் திடுக்கிடவைக்கும். ஹாம்ஸ்டர் பகலில் தூங்கும் பிராணி, தட்டி எழுப்பினால் கடிக்கும். பறவையை முஷ்டிக்குள் பிடிக்கக்கூடாது. மார்பெலும்பு அசைந்தால்தான் பறவை மூச்சு விடும். நெஞ்சைச் சுற்றி இறுக்கினால் மூச்சு நின்றுவிடும். ஆமை, பல்லி வகைகளில் சால்மொனெல்லா கிருமி இருக்கும் என்பதால் ஐந்து வயதுக்குள் இருப்பவர்கள் தொடாமல் இருப்பதே நல்லது. எந்தப் பிராணியைத் தொட்டாலும் பிறகு சோப்புப் போட்டு இருபது விநாடி கை கழுவ வேண்டும்.

சொல்லும் விதமும் முக்கியம். "இழுக்காதே" என்பதை விட "கையை விரி" நன்றாக வேலை செய்கிறது, ஏனென்றால் செய்ய ஒரு வேலை கிடைக்கிறது. "ஓடாதே"க்குப் பதில் "மரம் மாதிரி நில், கையைக் கட்டிக்கோ, காலைப் பாரு". நாய்க்குட்டி துள்ளிக் கவ்வ வரும்போது இதையே செய்தால் அதற்கு விளையாட்டு சுவாரசியம் போய்விடும். குழந்தை தவறினால் நீண்ட உபதேசம் வேண்டாம். "அதுக்கு வலிச்சது, இப்ப அது ஓய்வெடுக்கட்டும்" என்று சொல்லி, இரண்டையும் பிரித்து, ஐந்து நிமிடம் வேறு விளையாட்டு. "போய்க் கட்டிப்பிடிச்சு சாரி சொல்லு" என்று அனுப்பாதீர்கள். வலித்த பிராணியிடம் வலிக்கவைத்த கையை மறுபடி கொண்டுபோகிறீர்கள்.

வேலை கொடுங்கள். மூன்று வயதில் அளந்து வைத்த உணவைக் கிண்ணத்தில் கொட்டலாம். கொட்டிவிட்டு விலகிய பிறகுதான் பிராணியை விட வேண்டும். ஆறேழு வயதில் தண்ணீர் மாற்றலாம், சீவிவிடலாம். மீனுக்கு இரண்டு மூன்று நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவுதான். மிஞ்சியது அழுகி நீரில் அம்மோனியா கூடும். எனவே ஒவ்வொரு நாளின் அளவையும் முன்கூட்டியே தனித்தனியாகப் பிரித்து வைத்துவிடுங்கள். எந்த வயதானாலும், பிராணி சாப்பிட்டதா என்று பார்ப்பது பெரியவர் பொறுப்பு. தன் தட்டிலிருந்து ஊட்டக்கூடாது என்பதும் இங்கேயே சொல்லப்பட வேண்டும்: சாக்லேட், திராட்சை, வெங்காயம், சைலிட்டால் என்ற சர்க்கரை மாற்று கலந்த இனிப்பு எல்லாம் நாய்க்கு நஞ்சு.

கடியோ கீறலோ பட்டால் உடனே வந்து சொன்னால் திட்டமாட்டோம் என்று குழந்தைக்குத் தெரிந்திருக்க வேண்டும். திட்டுக்குப் பயந்து மறைக்கும் குழந்தைதான் ஆபத்தில் இருக்கிறது. காயத்தை ஓடும் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, தடுப்பூசி போட்ட சொந்தப் பிராணியே ஆனாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். பூனையின் பல் மெல்லியது, ஆழமாக இறங்கும். வெளியே புள்ளி அளவு தெரிந்தாலும் உள்ளே சீழ் பிடிக்கலாம்.

பள்ளி வயதுக் குழந்தை, வலிக்கிறது என்று தெரிந்தும், யாருக்கும் தெரியாமல் பிராணியைத் திரும்பத் திரும்ப வதைத்தால், அதைக் குறும்பு என்று தள்ளாதீர்கள். அந்தக் குழந்தையை யாராவது துன்புறுத்துகிறார்களா என்று பாருங்கள், குழந்தை மனநல மருத்துவரிடம் பேசுங்கள். இதுவரை எல்லாவற்றையும் பொறுத்த பிராணி திடீரென்று சிடுசிடுத்தாலும் காரணம் தேட வேண்டும். மூட்டு வலி, பல் வலி, காதில் சீழ் போன்றவை வெளியே தெரியாமல் இருக்கும். மருத்துவர் பார்த்துச் சொல்லும் வரை தொடும் பாடத்தை நிறுத்திவைத்து, குழந்தையைத் தள்ளியே வையுங்கள்.