லாங்கே குன்றுகளில் ஒயின்: முதலில் சரிவைப் பாருங்கள்

லாங்கே குன்றுகளில் உள்ள லா மோர்ரா ஊரின் உச்சியில், கோட்டைச் சதுக்கத்தை ஒட்டி ஒரு பார்வை மாடம் இருக்கிறது. அங்கே நின்றால் பரோலோ வட்டாரத்தின் பெரும்பகுதி காலடியில் விரிந்து கிடக்கும். வடமேற்கு இத்தாலியின் பியமோன்தே மாநிலத்துக்கு ஒயினுக்காகப் போகிறவர்கள், முதல் கோப்பையைத் தொடுவதற்கு முன் இங்கே அரை மணி நேரம் நிற்பது நல்லது. எந்தச் சரிவில் எந்தத் திராட்சை என்பது கண்ணுக்குப் பிடிபட்டுவிட்டால், பிறகு பாட்டிலில் எழுதியிருப்பதெல்லாம் தானே புரியும்.

தெற்கும் தென்மேற்கும் பார்த்த நடுச்சரிவு முழுக்க நெபியோலோ, பரோலோ ஒயினுக்கான திராட்சை. பனிக்காலத்தில் எந்த இடத்தில் பனி முதலில் உருகுகிறதோ, அதுவே அதற்கான இடம் என்று பழைய விவசாயிகள் குறித்து வைத்தார்கள். வெயில் கொஞ்சம் குறைந்த கிழக்கு, மேற்குச் சரிவுகளில் பார்பேரா. உயரமான, குளிர்ந்த துண்டுகளில் தோல்செத்தோ. வடக்குச் சரிவிலும் பள்ளத்திலும் ஹேசல்நட் தோப்பு. நேர்வடக்கு பார்த்த நிலத்திலும் பள்ளத்தாக்கின் அடியிலும் விளைந்த பழத்தில் பரோலோ ஒயின் செய்ய விதியே இடம் தருவதில்லை.

நெபியோலோவுக்கு இத்தனை சலுகை எதற்கு? முதலில் துளிர்க்கும், கடைசியில் பழுக்கும் திராட்சை இது. அறுவடை பெரும்பாலும் அக்டோபரில்தான். அதனால் வசந்தத்தின் உறைபனிக்கும் சிக்கும், இலையுதிர்கால மழைக்கும் சிக்கும். கவாத்து செய்வதிலும் தனிக் கவனம் தேவை. கொடியின் அடியில் உள்ள முதல் சில மொட்டுகள் பெரும்பாலும் காய்ப்பதில்லை. ஒட்ட வெட்டினால் அந்த ஆண்டு விளைச்சல் போனது போலத்தான். எனவே ஒரு நீண்ட கொடியை விட்டு, அதைக் கம்பியில் படுக்கையாக வளைத்துக் கட்டுகிறார்கள். பரோலோவுக்கு ஹெக்டேருக்கு 8 டன்னுக்கு மேல் கணக்கில் எடுக்க முடியாது.

இனி கோப்பைக்கு வருவோம். நிறத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது. பரோலோ வெளிறித்தான் இருக்கும், கோப்பையைச் சாய்த்தால் விளிம்பில் செங்கல் நிறம் தெரியும். வாசனையில் காய்ந்த ரோஜா, கொஞ்சம் தார். வாயில் வைத்த ஐந்தாவது நொடியில் ஈறு இறுகும். நல்ல துவர்ப்பு. திராட்சையின் துவர்ப்புப் பொருளான டானின் எச்சிலின் புரதத்தைப் பற்றிக்கொள்வதால் வரும் இறுக்கம் அது. கட்டன் டீயில் பால் விட்டதும் துவர்ப்பு தணிகிறதே, அதே கணக்குதான் இங்கும். இறைச்சியும் பாலாடைக்கட்டியும் கூட இருந்தால் இதே ஒயின் மெத்தென்று இறங்கும். வெறும் வயிற்றில் குடித்துவிட்டு ‘கடுமையாக இருக்கிறது’ என்று சொல்வது ஒயினுக்குச் செய்யும் அநியாயம்.

பரோலோ மொத்தம் 38 மாதம் முதிர வேண்டும், அதில் 18 மாதமாவது மரப் பீப்பாயில். பக்கத்து பார்பரெஸ்கோவும் முழுக்க நெபியோலோதான். அதற்கு 26 மாதம், மரத்தில் 9. பரோலோவுக்குள்ளேயே ஊருக்கு ஊர் மாறும். லா மோர்ராவின் நீலம் கலந்த சுண்ணக் களிமண்ணில் வாசனை முந்தும், சீக்கிரம் பக்குவப்படும். செர்ரலுங்கா பக்கத்துப் பழைய, இறுகிய மண்ணில் விளைந்ததில் துவர்ப்பும் கட்டமைப்பும் கனம். பத்து வருடம் காத்திருக்கத் தெம்பு இருப்பவர்களுக்கு அதுவே என் சிபாரிசு. 1980களில் 225 லிட்டர் சிறு பீப்பாயா, பழைய பெரும் பீப்பாயா என்று இங்கே அப்பா மகன் சண்டைகூட நடந்தது. புது மர வாசனை நெபியோலோவின் ரோஜாவை மூடிவிடும் என்பதால் நான் பெரும் பீப்பாய் பக்கம்.

ருசி பார்க்கும் வரிசை முக்கியம். முதலில் பக்கத்து ரொயேரோ வட்டாரத்தின் வெள்ளை ஒயின் ஆர்னெய்ஸ், பிறகு தோல்செத்தோ, பார்பேரா, கடைசியில் நெபியோலோ. மாற்றிக் குடித்தால் டானின் படிந்த நாக்கில் ஆர்னெய்ஸ் வெறும் தண்ணீர். தோல்செத்தோ என்றால் ‘சின்ன இனிப்பு’ என்று பொருள், ஆனால் ஒயினில் இனிப்பு கிடையாது. புளிப்பு குறைந்த, அன்றாடச் சாப்பாட்டு ஒயின். பார்பேரா நேர் எதிர்: நிறம் கருமை, புளிப்பு தூக்கல், துவர்ப்பு குறைவு. எண்ணெய்ப் பதமான சாப்பாட்டுக்கு அதை அடிக்க ஆளில்லை.

ஒரு நாளைக்கு இரண்டு நிலவறை போதும், மூன்றாவதில் நாக்கு மரத்துவிடும். துப்புவதற்கு வைத்திருக்கும் பாத்திரத்தைக் கூச்சமில்லாமல் பயன்படுத்துங்கள். வாசனைத் திரவியம் பூசிக்கொண்டு போகாதீர்கள். முன்பதிவு இல்லாமல் போனால் பல இடங்களில் கதவு திறக்காது, அறுவடை மாதங்களில் சொல்லவே வேண்டாம். துரினிலிருந்து இந்தப் பக்கத்து ஆல்பா நகர் வரை ரயில் உண்டு. அதற்கப்பால் பேருந்து குறைவு, கார் வேண்டும். ரத்த ஆல்கஹால் வரம்பு லிட்டருக்கு 0.5 கிராம், உரிமம் பெற்று மூன்று வருடம் ஆகாதவர்களுக்குப் பூஜ்யம். குடிக்காத ஒருவர் ஓட்டுவதே சரி. இந்தியாவுக்குள் வரியில்லாமல் 2 லிட்டர்தான் என்பதால், இரண்டு பாட்டிலோடு நிறுத்துங்கள்.

கிழக்கே கானெல்லி, சாந்தோ ஸ்தேஃபானோ பெல்போ பக்கம் போனால் மண் வெளுத்து மொஸ்காத்தோ திராட்சை வரும். கோப்பையை மூக்கருகே கொண்டுவந்தால் கம்பம் பள்ளத்தாக்கு ஞாபகம் வருவது தற்செயல் இல்லை. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற நம் பன்னீர் திராட்சை, மஸ்கட் ஹாம்பர்க் என்ற ரகம். இந்த வெள்ளை மொஸ்காத்தோ அதற்குப் பாட்டி முறை. பன்னீர் என்று பெயர் வாங்கித் தந்த அந்த வாசனை, ரோஜாவிலும் உள்ள நறுமணச் சேர்மங்களால் வருவது.

மொஸ்காத்தோவின் சாற்றைக் கிட்டத்தட்ட உறைநிலைக்குக் குளிர்வித்து வைத்து, அழுத்தத் தொட்டியில் நொதிக்கவிட்டு, ஆல்கஹால் 5 சதவீதத்தை எட்டும்போது மறுபடி குளிரூட்டி வடிகட்டி நிறுத்திவிடுகிறார்கள். இனிப்பும் நுரையும் அப்படியே நின்றுவிடும். ஈஸ்ட் ஒரு துளி மிஞ்சினாலும் பாட்டிலுக்குள் நொதித்தல் மீண்டும் கிளம்பும், அதனால் வடிகட்டுவதில் விட்டுக்கொடுப்பதில்லை. வைத்துக் குடிக்கும் சரக்கல்ல இது, வாங்கிய வருடமே திறந்துவிட வேண்டும். ஊர்க்காரர்கள் இதோடு ஹேசல்நட் கேக் ஒரு துண்டு வைப்பார்கள். கொட்டை, திராட்சைக்கு ஆகாத அந்த வடக்குச் சரிவில் விளைந்ததுதான்.